பதினோராவது கல்

பத்தாவது கல்லுக்கும் பதினோராவது கல்லுக்கும் இடையில் மூன்று வயல், ஒரு வாய்க்கால், ஏறித் தாண்ட இரண்டு வேலிக் கடப்பு. ஆற அமர நடந்தாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்காது. அந்த அரை மணித்தியாலம் முடியாமல் இப்படியே இழுபட்டுக்கொண்டு கிடந்தால் நல்லது என்று சோதிலிங்கம் நினைத்தார். பதினோராவது கல் அங்கே இல்லை. இல்லையென்பது நடக்க வந்த இந்த இருபத்துமூன்று பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் நாலு வருடத்துக்கு முன்னர் அதைப் பிடுங்கி விற்றவர் அவரேதான். முன்னால் மிஸிஸ் டாட்வெல் போய்க்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, தோளில் வரைபடக் குழாய், கையில் தோல் உரித்த நீளக் கம்பு. மார்டன்போர்ட் பட்டினத்தின் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குச் செயலாளர், பொருளாளர், தேநீர் ஊற்றுகிறவர் எல்லாம் அவரே. பட்டினத்தையும் சுற்றியிருக்கிற ஆறு கிராமங்களையும் பற்றி ஐந்நூறு பக்கத்தில் புத்தகம் எழுதி, அதைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்த மனுசி. ஏழு வருடத்துக்கு ஒருதரம், மே மாதத்து ஞாயிறு ஒன்றில், பட்டினத்தின் எல்லையை முழுக்கச் சுற்றி நடப்பது இந்த ஊர் வழக்கம். எல்லையில் பதினாலு கல். ஒவ்வொரு கல்லுக்கும் கம்பால் நாலு அடி. வரைபடம் இல்லாத காலத்தில் எல்லை மறந்துபோகக் கூடாதென்று ஆளைத் தூக்கிக் கல்லில் குண்டி நோக இடிப்பார்களாம். நொந்த இடம் சாகும்வரை ஞாபகம் நிற்கும் என்பது கணக்கு. இப்போது அது ஒரு மரியாதை. வந்து குடியேறியவர்களில் ஒருவரைப் பொறுக்கியெடுத்து, நாலு பேர் தூக்கி, ஒரு கல்லில் மெல்ல இடித்து, கைதட்டி, இனி நீ இந்த ஊராள் என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் தடவை ஆள் சோதிலிங்கம். கல், பதினோராவது கல்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முதுகு நோ, சலரோகம், மனுசிக்குச் சுகமில்லை, எத்தனை பொய் இருக்கிறது உலகத்தில், அவர் வாயில் வராத பொய்யா. இருபத்திரண்டு வருடமாகச் சந்தைத் தெருவில் கடை. செத்தவர்களின் வீட்டைக் காலிசெய்து, உள்ளே கிடக்கிற சாமானை எடுத்துவந்து விற்கிற கடை. இந்த ஊரில் பாதிப் பேருடைய தாய் தகப்பனின் கட்டிலை, மணிக்கூட்டை, பல் வைத்த கிண்ணத்தை அவர் தூக்கியிருக்கிறார். அதனாலேயே அவரைக் கண்டால் ஆட்கள் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போவது போல அவருக்குத் தோன்றும். சோதிலிங்கம் என்று சொல்ல வராமல் லிங் என்பார்கள். சீன தேசத்தவர் என்று நினைத்து ஒரு கிழவர் பத்து வருடம் சீனப் புதுவருட வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். விலைபேசும்போது கத்துவார். அது எல்லோருக்கும் தெரியும். கத்தாமல் பேசியவனை இந்தத் தெருவில் எவன் மதித்தான். மூன்று கிழமைக்கு முன்னர் மிஸிஸ் டாட்வெல் கடைக்குள் வந்து, குடையை மடக்கி, சங்கம் உங்களைத் தெரிவுசெய்திருக்கிறது லிங் என்று சொன்னபோது, கண் கலங்கிப் போனது. ஓம் என்றுவிட்டார். எந்தக் கல் என்று கேட்கவில்லை. விலை கேட்காமல் கைகொடுத்த முதல் வியாபாரம் அது. பிறகுதான் அந்த மனுசி சொன்னார், பதினோராவது கல், எல்லாவற்றிலும் வடிவான கல் அது, உங்களுக்கென்று வைத்திருக்கிறோம் என்று.

தெரியுமா தெரியாதா, அதுதான். பிடுங்கும்போது எல்லைக்கல் என்று தெரியுமா தெரியாதா. முதல் வயலின் ஈரம் சப்பாத்துக்குள் ஏறியது. தெரியாது. செத்துப்போன கமக்காரனின் மகள் லண்டனிலிருந்து வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கையைக் காட்டினாள், கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிறதெல்லாம் கொண்டுபோங்கள் என்று. பின்னால் இருந்தவை இரண்டு கல் தொட்டி, எலி ஏறாமல் தானியக் கொட்டிலுக்கு முட்டுக்கொடுக்கிற காளான் மாதிரிக் கல் நாலு. பணக்காரர் பூந்தோட்டத்தில் வைக்கிறதற்கு அடிபடுகிற சாமான்கள். அவற்றை ஏற்றியாயிற்று. அதோடு வந்திருக்க வேண்டியதுதானே. கொட்டிலுக்குப் பின்னால் என்றால் எவ்வளவு தூரத்துக்குப் பின்னால்? அப்படிப் பார்த்தால் லண்டனும் கொட்டிலுக்குப் பின்னால்தான். வாய்க்காலைக் கடந்து போனது ஏன்? தொட்டால் சுணைக்கிற செந்தட்டிப் பற்றைக்குள் அது நின்றது, துடையளவு உயரம், தலை உருண்டை, ஒரு பக்கம் எம், மற்றப் பக்கம் எஸ். மார்டன்போர்ட்டுக்கு எம். வாய்க்காலுக்கு அங்கால் ஷெல்கூம் கிராமம், அதற்கு எஸ். வாசிக்கத் தெரியாதா உனக்கு? ஒரு புருசன் பெண்சாதியின் பெயராக இருக்கும் என்று அப்போது நினைத்தது உண்மை. மேரியும் சாமுவெலும். நினைத்ததா, நினைக்க வைத்ததா? சங்கிலி போட்டு, சாமான் ஏற்றுகிற வானில் கட்டி இழுத்தார். முதல் இழுவைக்கு டயர் சேற்றில் சுழன்றது. இரண்டாவது இழுவைக்கு நிலம் அதை விட்டது. விடும்போது ஈரமாக ஒரு சத்தம், வாயிலிருந்து முலையை இழுத்தெடுத்த மாதிரி. மேலே தெரிந்ததைவிடக் கீழே இருந்தது அதிகம். சும்மா கொண்டுவந்து வைத்த கல்லுக்கு அவ்வளவு கீழே என்ன வேலை? வீட்டு முற்றத்தில் இறக்கியபோது பெண்சாதி இராசமலர் யன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உது நட்ட கல்லெல்லோ. ஆரைக் கேட்டுப் பிடுங்கினனீங்கள்?"

"செத்த வீட்டுச் சாமான். உமக்கு உதுகள் விளங்காது, உள்ள போம்."

அவள் போகவில்லை. மண் ஒட்டியிருந்த பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு பார்வையில் விளங்கியது. அவருக்கு விளங்கவில்லை என்று எந்தக் கோயிலில் போய்ச் சத்தியம் செய்வது. வயல் நடுவில், பின்னால் கொலின் வந்து தோளைத் தட்டினான். ஷெல்கூமில் மதுக்கடை வைத்திருப்பவன், அந்தக் கிராமத்தின் சார்பில் நடக்க வந்தவன், நல்லவன், வாய் மட்டும் நீளம். பின்பக்கத்துக்குத் தலையணை கட்டிக்கொண்டுதானே வந்தீர், லிங், போன தடவை இடிபட்ட பல் வைத்தியர் ஒரு மாதம் நின்றுகொண்டே பல் பிடுங்கினார் என்றான். சிரித்தார்கள். சோதிலிங்கமும் சிரித்தார். சிரிப்பு முகத்தில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. முதலாவது கடப்பில் ஏறினார். கொலின் கைகொடுத்தான். அந்தக் கையைப் பிடித்தபோது, இன்னும் இருபது நிமிடத்தில் இந்தக் கை என்னைத் தொடுமா என்று ஒரு எண்ணம், உடனே அதற்குப் பின்னால் ஒரு கோபம், தொடாவிட்டால் போடா, நீ ஆர் எனக்கு.

பத்தாவது கல்லடியில் மிஸிஸ் டாட்வெல் வாசித்தது விட்டுப்போக மாட்டேன் என்கிறது. அடுத்த கல்லின் கதையை முந்தின கல்லில் வாசிப்பது அவர் பழக்கம், நடக்கும்போது யோசிக்கட்டும் என்று. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னர், மாசி மாதம், வீடு வாசல் இல்லாத ஒரு பெண், நிறைமாதம், மார்டன்போர்ட் தெருவில் விழுந்து கிடந்தாள். பிள்ளை எந்த ஊர் எல்லைக்குள் பிறக்கிறதோ அந்த ஊர்தான் அதற்குச் சோறு போட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். பட்டினத்து அதிகாரிகள் இரண்டு பேர் அவளை ஒரு கைவண்டியில் ஏற்றிப் பதினோராவது கல்லுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வந்தார்கள். ஷெல்கூம்காரர் கண்டுவிட்டுத் திருப்பி இந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். திரும்பவும் அங்கே. திரும்பவும் இங்கே. பிள்ளை கல்லடியிலேயே பிறந்தது. எந்தப் பக்கம் என்று இரண்டு ஊர் ஏட்டிலும் இல்லை, இரண்டு ஊரும் மற்றப் பக்கம் என்றே எழுதி வைத்திருக்கின்றன. மிஸிஸ் டாட்வெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குறிப்புத் தாளை மடித்தார். தாயின் பெயரும் தெரியாது என்றார். இந்தக் கல்லையா விற்றேன். அந்தப் பெண் இதில்தான் சாய்ந்திருப்பாள். வேறு எதில் சாய, சுற்றிவர வெறும் வயல். நாட்டைவிட்டு வந்த எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு விமானநிலையத்தில் ஒன்பது நாள் அவர் ஒரு நீள வாங்கிலில் சாய்ந்து கிடந்தார். இறங்கின நாடு ஏறின நாட்டுக்கு அனுப்பியது, ஏறின நாடு இறங்கின நாட்டுக்கு அனுப்பியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டைக் காலால் தேய்த்துப் பார்த்தது ஞாபகம் வருகிறது. தேய்ந்து போகிற வண்ணம் இல்லை அது.

அதுதான். அந்த ஈரச் சத்தம் கேட்டபோது நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியதே, அது என்ன? சாமான் கிடைத்த சந்தோசம் இல்லை. சாமான் கிடைத்த சந்தோசம் அவருக்குத் தெரியும், அது வயிற்றில் வருவது. இது வேறு. அப்பர் பத்தொன்பது வருடம் வழக்குப் பேசக் கோட்டுக்கு நடந்தார், அண்ணன்காரனோடு, ஒரு முழ மணலுக்கு. வருசா வருசம் வேலி அடைக்கும்போது பெரியப்பர் கதியால் தடியை நாலு விரல் இங்கால் தள்ளி நடுவார், அப்பர் அதைப் பிடுங்கி ஐந்து விரல் அங்கால் நடுவார். வழக்குப் பேசிய பிரக்கிராசி கிழவனாகி அவன் மகன் பிரக்கிராசியாகிவிட்டான், வழக்கு முடியவில்லை. சாகக் கிடந்த மனுசன், கடைசியாக வாய் திறந்து, பிள்ளைகள் சாப்பிட்டதுகளோ என்று கேட்கவில்லை, நட்ட கதியால் துளிர்த்துதோ என்று கேட்டது. எல்லை என்ற சொல்லே சோதிலிங்கத்துக்குக் கசப்பு. அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பிடுங்கினாய். ஒரு எல்லையையாவது வேரோடு பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய், ஆருடைய ஊரிலயோ பிடுங்கிறது, கழுதை. இல்லை, தெரியாது. மேரியும் சாமுவெலும். இரண்டாவது வயலில் மாடுகள் நின்றன. ஒரு மாடு தலையைத் தூக்கி அவரை மட்டும் பார்த்தது. அவர் மனத்துக்குள் அதைத் தூஷணத்தால் ஏசினார்.

இந்த மூன்று கிழமையும் சும்மா இருந்ததா? இல்லை. கிடங்கில் கிடந்த ஒரு வேலிக்கல்லை எடுத்து எம் என்று செதுக்கினார். புதுப் பல் மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. தோட்டக் கல்லைப் பழசாக்க இந்தத் தொழிலில் ஒரு வேலை உண்டு, தயிரைப் பூசி நிழலில் வைத்தால் பாசி பிடிக்கும், நூறு வருடம் ஏறிவிடும். பூசினார். விடிய எழும்பிப் பார்த்தால் ஊர்ப் பூனையெல்லாம் வந்து நக்கித் துடைத்து வைத்திருந்தன. இராசமலர் சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த மனுசியிட்டப் போய்ச் சொல்லுங்கோவன் என்றாள். அதற்குக் கத்தினார். கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். திரும்பவும் தயிர் வாங்கினார். அதற்குள் மிஸிஸ் டாட்வெல் கடைக்கு வந்து வரைபடக் குழாயைத் திறந்து காட்டினார். பதினாலு கல்லுக்கும் மேல் கடதாசி வைத்துக் கரியால் தேய்த்தெடுத்த படிகள், நாற்பது வருடத்துக்கு முன் எடுத்தவை. பதினோராவதில் எஸ் எழுத்தின் வாலில் ஒரு வெடிப்பு. இது ஒரு உறைபனிக் காலத்தில் வந்த வெடிப்பு என்றார், தன் பிள்ளைக்குப் பட்ட காயத்தைச் சொல்வதுபோல. அன்றைக்கே தயிர்க் கல்லைக் கிடங்கின் மூலைக்குத் தள்ளிவிட்டு, கல்லை வாங்கினவர் வீட்டைத் தேடி வான் ஓட்டினார். மூன்று மாவட்டம் தாண்டி. திருப்பி வாங்கலாம், எதையும் திருப்பி வாங்கலாம், வாயிருக்கிறது. கதவு வரைக்கும் போகவில்லை. முன்தோட்டத்திலேயே கண்டுவிட்டார். நடுவில் துளைபோட்டுக் குழாய் ஏற்றியிருந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் பொங்கி எம்மின் மேலாகவும் எஸ்ஸின் மேலாகவும் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிவர வெள்ளைக் கூழாங்கல். ஒரு பெண் வெளியே வந்து, என்ன உதவி வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டாள். விலாசம் பிழைத்துப்போயிற்று என்றார். வானில் ஏறியிருந்து கனநேரம் திறப்பைத் திருப்பாமல் இருந்தார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் வானுக்குள்ளும் கேட்டது.

இரண்டாவது கடப்பு. மூன்றாவது வயல். இப்பவும் சொல்லலாம். இந்த மனுசியின் பக்கத்தில் போய் நடந்து, மெல்ல, ஒரு சொல்லில். சொன்னால்? கடை போகும். கடை போகாது, கடைக்கு ஆட்கள் வருவார்கள், வந்து ஒவ்வொரு சாமானையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், இது ஆருடையது, இது எங்கே பிடுங்கியது என்று. இனி எந்தச் செத்த வீட்டின் திறப்பை அவர் கையில் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு குழி, செந்தட்டி மூடிய குழி, நாலு வருடத்துச் செந்தட்டி. கால் தன்பாட்டில் வேகமாகப் போனது. மிஸிஸ் டாட்வெல்லை எட்டிப் பிடித்துவிட்டார். வாய் திறந்தது. செந்தட்டி உயரமாக வளர்ந்துவிட்டது போலிருக்கிறது, கவனம் என்றது வாய். அவர் நன்றி சொன்னார்.

கம்புகளால் பற்றையை அடித்துத் தேடினார்கள். வெள்ளைப் பூக்கள் தெறித்தன. கால் மணித்தியாலம் தேடினார்கள். மிஸிஸ் டாட்வெல் குனிந்து கையாலேயே செந்தட்டியை விலக்கினார், புறங்கை சிவந்து தடித்தது. இங்கே இருந்தது என்றார். இங்கேதான் இருந்தது. போன வருடம் வண்டிவீடுகளில் வந்து இந்த வயலில் தங்கினார்களே அவர்கள் வேலை, கழற்ற முடிந்ததெல்லாம் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று கொலின் சொன்னான். ஓம், அவர்கள்தான் என்று இரண்டு மூன்று பேர். சோதிலிங்கத்தின் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது, வெயிலில் நடந்து வந்து நீர்மோர் குடித்தது மாதிரி. தப்பிவிட்டேன். அவர்களையும் இப்படித்தானே அங்கால் இங்கால் தள்ளுவார்கள். பரவாயில்லை, இடத்தையாவது குறித்துக்கொள்வோம், இடத்தில் வைத்து லிங்கைத் தரையிலேயே இடிக்கலாம் என்று ஒருவர் சொல்ல, எந்த இடம் என்று வந்தது. போனை எடுத்துப் பார்த்தார்கள். நீலப் புள்ளி ஒருதரம் வாய்க்காலுக்குள் நின்றது, ஒருதரம் வயலுக்குள் குதித்தது. கொலின் இரண்டு பெரிய எட்டு வைத்து, ஷெல்கூம் இதுவரைக்கும், செந்தட்டியெல்லாம் உங்களுக்கு என்றான். பட்டினத்துக்காரர் ஒருவர் அவனை இடித்துத் தள்ளி, இல்லை, உன் மதுக்கடை வரைக்கும் எங்களுக்கு என்றார். சிரிப்பு. நாயும் குரைத்தது. சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் மிஸிஸ் டாட்வெல். அவர் களைத்துப்போயிருந்தார், முதல் தடவையாக வயது தெரிந்தது. ஒரு சின்ன முளைக்குச்சியை எடுத்துக் கொலின் காட்டிய இடத்துக்கும் மற்றவர் காட்டிய இடத்துக்கும் நடுவில் வைத்தார். சுமாராக இங்கே என்று எழுதிக்கொள்கிறேன் என்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

சுமாராக. இந்த மனுசி எழுதினால் அதுதான் இனி இருநூறு வருடத்துக்கு உண்மை. பொய்யை எழுதப்போகிறார், தெரியாமல், செந்தட்டி பட்டுத் தடித்த கையால். கோபம் காலிலிருந்து ஏறியது, ஆர்மேல் என்று தெரியாத கோபம்.

"அங்கை இல்லை," என்று கத்திவிட்டார். தமிழில். எல்லோரும் திரும்பினார்கள். அவர் செந்தட்டிக்குள் இறங்கி, முளைக்குச்சியிலிருந்து ஆறடி தள்ளி, வாய்க்கால் கரையோரம் போய், வலது குதிக்காலால் தரையை அழுத்தினார். நிலம் உள்ளே இறங்கியது. "இங்கே."

"எப்படித் தெரியும், லிங்?" மிஸிஸ் டாட்வெல் கேட்டார்.

"நான்தான் பிடுங்கினேன். சங்கிலி போட்டு, வானில் கட்டி. விற்றுவிட்டேன். இனித் திரும்பி வராது, துளைபோட்டுவிட்டார்கள்."

கொலின் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தான். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் உள்ளே விட்டான்.

"என்ன கல்லென்று தெரியாமலா?" என்றார் அந்த மனுசி. கேள்வியிலேயே ஒரு கடப்பைத் திறந்து வைத்தார், தாண்டிப் போ என்று. மேரியும் சாமுவெலும் நாக்கு நுனியில் நின்றார்கள்.

"தெரியும்," என்றார் சோதிலிங்கம். "எல்லைக்கல் என்று தெரியும்."

மிஸிஸ் டாட்வெல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, எம் எந்தத் திசையைப் பார்த்தது என்று கேட்டார். தேவாலயக் கூம்பை என்று அவர் கைகாட்டினார். நிலத்துக்குக் கீழே எவ்வளவு என்று கேட்டார். தரையிலிருந்து நெஞ்சு மட்டம் என்று கையை உயர்த்திக் காட்டினார். எழுதிக்கொண்டார். தூக்குவதற்கென்று நேற்றே பேசிவைத்த நாலு பேர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், அப்போ இவரை இடிக்கிறதா இல்லையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தேவையில்லை," என்றார் மிஸிஸ் டாட்வெல். "இடிப்பது இடம் மறக்காமலிருக்கத்தான். இவருக்கு மறக்கவில்லை."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று சோதிலிங்கம் தேடினார். வாங்க வந்தவனின் முகத்தைப் பார்த்தே எதுவரைக்கும் ஏறுவான் என்று சொல்லிவிடுகிறவர், இருபத்திரண்டு வருடப் பழக்கம், ஒன்றும் பிடிபடவில்லை. கோபமா, இரக்கமா, வெறும் களைப்பா. மதுக்கடைக்குப் போய், அந்த இடத்தில் அறைய ஒரு மரக்கட்டையும் கொட்டானும் எடுத்துவரும்படி அந்த மனுசி கொலினிடம் சொன்னார். அவன் போனான், திரும்பிப் பார்க்காமல். பிறகு மிஸிஸ் டாட்வெல் வரைபடக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கொலின் வரும்வரைக்கும் நகராதீர்கள், லிங். காலை எடுத்தால் இடம் போய்விடும்."

அவர்கள் பன்னிரண்டாவது கல்லுக்கு நடந்தார்கள். கதை திரும்பவும் தொடங்கிவிட்டது, தூரத்தில் ஒரு சிரிப்புக்கூடக் கேட்டது, தன்னைப் பற்றியா வேறெதைப் பற்றியா என்று தெரியவில்லை. வேலி மறைத்தது. செந்தட்டி காற்சட்டைத் துணிக்குள்ளால் சுணைத்தது, இரண்டு துடையும் எரிந்தன. ஷெல்கூமுக்குப் போய்வர அரை மணித்தியாலம். கொலின் வராமலே விட்டாலும் விடுவான், கடையில் இருந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பான், நிக்கட்டும் கள்ளன் என்று. போகலாம். வான் பட்டினத்தில் நிற்கிறது, குறுக்குப் பாதை தெரியும், ஆரும் பார்க்கவில்லை. தூறத் தொடங்கியது. வலது காற்சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. இராசமலராகத்தான் இருக்கும், இடித்தவங்களோ, நொந்ததோ என்று கேட்க. மழைக்கோட்டை உயர்த்திப் போனை எடுப்பதென்றால் வலது காலைத் தளர்த்தி இடதில் பாரம் கொடுக்க வேண்டும். போன் அதிர்ந்து நின்றது. திரும்பவும் அதிர்ந்தது. அவர் காலை எடுக்கவில்லை.